லிஃப்ட் ரிப்பேர்ட்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுத ஆசைதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட், மோட்டார், குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன் நான். சூப்பர்வைசர் நாற்காலி காலியானதும், "இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் காட்டு, வேலை உனக்குத்தான்" என்றார் மேனேஜர். அதற்காகத்தான் போனில் உங்களிடம் பாடம் கேட்டேன். "ரொம்ப ஈஸி மச்சான். வினைச்சொல் வால்ல ஈ, டி ரெண்டையும் ஒட்டுங்க. நடந்து முடிஞ்சதுன்னு அர்த்தம். வாஷ், வாஷ்ட். பெயின்ட், பெயின்ட்டட். அடங்காத சொல்லும் கொஞ்சம் இருக்கு, அதை அப்புறம் பாக்கலாம்" என்றீர்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சோறு போட வந்த மனைவியிடம் கையைக் காட்டி "வாஷ்ட்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நேற்று லிஃப்ட் மாடிக்கும் மாடிக்கும் நடுவே நின்று நின்று போயிற்று. பிரேக் கோளாறு. சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் போர்டு மாட்ட வேண்டுமே என்று யோசித்தேன். லிஃப்ட் கெட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ரிப்பேர். இதுவோ கெட்டே முடிந்துவிட்டது; ஆகவே வாலை ஒட்டிச் சிவப்பு பெயின்டில் 'லிஃப்ட் ரிப்பேர்ட்' என்று எழுதி மாட்டினேன். தள்ளி நின்று ஒரு தரம், கிட்ட நின்று ஒரு தரம் அதன் அழகைப் பார்த்ததில் மெயின் சுவிட்சை அணைக்க மறந்தேபோனேன். ரிப்பேர்ட் என்றால் பழுது பார்த்தாயிற்று என்று அர்த்தமாம். இங்கிலீஷ் தெரியாதவர்கள் எல்லாரும் என்னைப் போலவே புரிந்துகொண்டு படியேறிப் பிழைத்தார்கள். தெரிந்த மேனேஜரும் கட்டட முதலாளியம்மாவும் லிஃப்டில் ஏறி மாட்டிக்கொண்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது நடுமாடியிலிருந்து மேனேஜரின் குரல். "யாருய்யா அந்தப் போர்டை எழுதினது?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். படித்த படிப்பு விடுமா? "பெயின்ட்டட் பை மீ சார்!" என்று கத்தினேன். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. பிழை முழுவதும் ஆளிடம்தான்.

மோட்டார் அறைக்கு ஓடி, சக்கரத்தைக் கையால் சுற்றி இருவரையும் இறக்கினேன். முதலாளியம்மா வியர்வையைத் துடைத்தபடி, "ரிப்பேர்ட்னா என்னன்னு நினைச்சீங்க?" என்றார். "ரிப்பேர் ஆயிடுச்சுன்னு, மேடம்." அவர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் கூரையைப் பார்த்தார், நான் செருப்பைப் பார்த்தேன்.

தப்பு உங்கள் பாடத்தில் இல்லை மாப்பிள்ளை, அரைகுறையாகக் கேட்ட என் காதில்தான். ஆங்கிலத்தை இன்றோடு தலைமுழுகிவிட்டேன். சூப்பர்வைசர் ஆசையையும் சேர்த்துத்தான். தங்கச்சியிடம் சொல்லிவிடாதீர்கள், அவள் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தாய்மாமனைப் போல் ஆகாமலிருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாலை ஒட்டி வம்பில் மாட்டிய மைத்துனன்

பின்குறிப்பு: உறையை மூடுமுன் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். சூப்பர்வைசர் வேலை எனக்கேதானாம்! "மாட்டிவிட்டதும் அவருதான், ஓடி வந்து இறக்கினதும் அவருதானே" என்றாராம் முதலாளியம்மா. ஒரே நிபந்தனை, இனி போர்டெல்லாம் தமிழில் மட்டும். என்ன அவமானம் மாப்பிள்ளை, எனக்கா இங்கிலீஷ் வராது? எதிர்காலத்துக்கு எதை, எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று உடனே எழுதி அனுப்புங்கள்.