காலிஃப்ளவர் சாதமும் பதினொன்றரை மணிப் பூனையும்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

சித்தப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சௌக்கியம். உன் அப்பா சௌக்கியமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, அதனால் அதை முதல் வரியிலேயே எழுத வழியில்லை.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் அப்பாவுக்குச் சுகர் ஏறிப்போச்சு, இனிமேல் அரிசி, கிழங்கு, ரொட்டி எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதும், நீ போனில் "சித்தப்பா, காலிஃப்ளவரைத் துருவி சாதம் மாதிரி பண்ணிடலாம், பத்து நிமிஷ வேலை, உங்களால முடியுமா?" என்று கேட்டாயே, அப்பவே சொன்னேன். வாயால் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னேன். வாயால் என்ன சொன்னேன் என்றால், "யாரைப் பார்த்து என்ன கேக்கறே, முப்பது வருஷம் மில் கேண்டீன்ல ஒரு வேளைக்கு எண்ணூறு பேர் சாப்பிட்டது யார் கையாலேன்னு நினைச்சே" என்றேன். அதில் பொய் இல்லை. டோக்கன் என் கையால்தான் கொடுத்தேன்.

துருவி, துணியில் பிழிந்து, அகலமான வாணலியில் சொட்டுத் தண்ணீர் விடாமல் ஐந்து நிமிஷம் வதக்கணும் என்று நீ சொன்னதை, எட்டாவது வரைக்கும் படித்த என் கையெழுத்தில் காலண்டருக்குப் பின்னால் எழுதியும் வைத்தேன். ஆனால் சாதம் என்று பேர் வைத்த பிறகு தண்ணீர் விடாமல் எப்படி என்று என் அனுபவம் கேட்டது. மூன்று டம்ளர் விட்டேன், குக்கரில் நாலு விசில். திறந்தால் சுவருக்கு அடிக்கிற வெள்ளை மாதிரி இருந்தது, வாசனை அதைவிட மோசம். உன் அப்பா வழித்து வழித்துச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், "பரவாயில்லடா" என்றார். எனக்கு அந்தப் பரவாயில்லடா செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் பதினொன்றரை மணிக்குத்தான் ஒரு பூனை வந்தது. சாதாரணப் பூனை இல்லை, கன்றுக்குட்டி உயரம், ஒரு கண் பச்சை, ஒரு கண் மஞ்சள். ஜன்னல் வழியாகப் பாய்ந்து, மேல்தட்டில் இருந்த அரிசி டப்பாவை இடித்துக் கவிழ்த்ததில் சரியாக ஒரு பிடி அரிசி குக்கருக்குள் விழுந்துவிட்டது. நான் என்ன செய்ய? அன்றைக்கு உன் அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "காலிஃப்ளவர்ல இவ்வளவு ருசி வருமாடா? உனக்குக் கைமணம் இருக்குடா" என்றார். எனக்கு அறுபத்தெட்டு வயசாகிறது அம்மா, அண்ணன் வாயால் நான் பாராட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. பூனை அடுத்த நாளும் அதே பதினொன்றரை மணிக்கு வந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு பிடி. கடைசி வாரம் குக்கரில் காலிஃப்ளவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

மாசம் முடிந்து ரத்தம் சோதித்தால் சுகர் இறங்கவில்லை, இன்னும் ஏறியிருந்தது. அடுத்த மாசமும் இப்படியே என்றால் தினமும் ஊசிதான் என்றுவிட்டார் டாக்டர். நீ போனில், "அப்பா, எங்க போய் திருட்டுத்தனமா சாப்பிடறீங்க? உண்மையைச் சொல்ற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க" என்றாய். வைப்பதற்கு முன் என்னிடம், "சித்தப்பா, நீங்கதான் அவரைக் கண்காணிக்கணும்" என்றாய். கண்காணித்தேன். அவர் காலையில் நடக்கப் போனால் பத்தடி பின்னால் போனேன், பேக்கரி வந்ததும் தொண்டையைச் செருமினேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி இருந்தது. எழுதவே கை கூசுகிறது.

போன வாரம் அவர் ஒரு பூட்டு வாங்கிவந்து சமையலறையைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்கடா. நான் எதுவும் திங்கலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா மிஷின் பொய் சொல்லாது, பொண்ணும் பொய் சொல்லமாட்டா. எனக்கே தெரியாம ஏதாவது திங்கறேனோ என்னவோ" என்றார். சாயங்காலம் நீ வழக்கமாகப் பேசுகிற நேரத்துக்குப் போனைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சாவியோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நீ சொன்னபடியே பிழிந்து, வதக்கி, இரண்டு முட்டையும் கீரையும் சேர்த்துக் கொடுக்கிறேன். உண்மையிலேயே பத்து நிமிஷ வேலைதான். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லடா, உன் கைக்கு என்ன ஆச்சு?" என்கிறார். சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றுதான் வந்தது.

ஆகவே குற்றம் உன் அப்பா மேல் இல்லை, பூனை மேல்தான்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் சித்தப்பா

பி.கு.: உன் அப்பாவுக்குப் பூனை முடி ஆகாது, மூச்சிரைக்கும் என்று வீட்டு ஜன்னல் எல்லாவற்றுக்கும் நீயே கம்பிவலை அடித்துக் கொடுத்தது, கடிதத்தை மடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பூனை வரவில்லை. எல்லா நாளும் நான்தான் அள்ளிப் போட்டேன். முதலில் அவருக்குப் போன் போடு.