பதினேழு சதவீத ஈரமும் பதினான்கு பக்க மனுவும்

சட்டமன்ற உறுப்பினரைச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பார்க்கலாம் என்றொரு நம்பிக்கை மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை. நேரடிச் சான்றுகளின் அடிப்படையில் இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டடத்தில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, போன வருடக் காலண்டர் ஆகியவை உண்டு. உறுப்பினர் கிடையாது.

எங்களுக்கு இருந்த வேலை மிக எளியது. ஒரு மனு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர். நான் ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், நடுக்குவாதம். ஸ்டெல்லா டீச்சர் குடவாசல் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார், விழித்திரை நோய். முருகையன் குத்தகை விவசாயி. வைக்கோல் லாரியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சக்கர நாற்காலி. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வரிசையில் நான்கு மணி நேரம் ஒன்றாகக் காத்திருந்ததில் நட்பானோம்.

எங்கள் மூவரையும் குணமாக்க இன்றைக்கு மருந்து இல்லை. ஸ்டெம் செல் ஆராய்ச்சி பலித்தால் ஒருநாள் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரியில் அதற்கொரு பிரிவு தொடங்கச் சொல்லி, சட்டசபையில் எங்கள் எம்.எல்.ஏ. ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். மனுவின் சாரம் இதுதான்.

அவசரம் டீச்சருக்கு. அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, காகிதத்தைச் சுருட்டி அதன் வழியே பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம். நானும் முருகையனும் காத்திருக்கலாம். அந்த வட்டம் காத்திருக்காது.

மனுவை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முதல் தவறு அது.

பதினான்கு பக்கம் எழுதினேன். இருபத்து மூன்று அடிக்குறிப்புகள். 'ஸ்டெம் செல்' என்று எழுதாமல் முறையாகக் 'குருத்தணு' என்றே எழுதினேன்.

"சார், இதை யாரு படிப்பா? ஒரு பக்கத்துல எழுதுங்க" என்றார் டீச்சர்.

"அறிவியலைச் சுருக்கினா பொய்யாயிடும் டீச்சர்."

"எங்க மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு நான் சுருக்கித்தானே சொல்றேன்?"

எம்.எல்.ஏ.வை மூன்றாம் வகுப்போடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று கண்டித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நியாயமில்லைதான். மூன்றாம் வகுப்பு நாற்பது நிமிடம் உட்கார்ந்து பாடம் கேட்கும்!

அலுவலகத்தில் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் இருந்தார்.

"அண்ணன் இல்லீங்களே."

"எங்கே இருக்காரு?"

"தொகுதியில இருக்காருங்க."

"இதுதானே தொகுதி?"

"ஆமாங்க."

இப்படியே மூன்று முறை போய் வந்தோம். மூன்றாம் முறை அவருக்கே எங்கள் முகம் சலித்துவிட்டது போல. "நாளைக்குப் பத்து மணிக்கு நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்வையிட வர்றாருங்க. அங்க புடிச்சிருங்க" என்றார்.

மறுநாள் லோடு ஆட்டோவில் கிளம்பினோம். வழியில் முருகையன் ஒன்று சொன்னார்.

"என் நெல்லும் அங்கதான் சார் கெடக்கு. ஒன்பது நாளாச்சு. பதினேழு சதவீதத்துக்கு மேல ஈரம்னு எடுக்க மாட்டேங்கிறாங்க."

"அது வேற விஷயம் முருகையன். இன்னிக்கு நம்ம கவனம் குருத்தணு மேல மட்டும்தான் இருக்கணும்."

"சரிங்க சார்."

எவ்வளவு மரியாதையான மனிதர்! நான்தான் மடையன்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு வார மழையில் நனைந்த நெல், தார்ப்பாய்க்கு அடியில் குவியல் குவியலாகக் கிடந்தது. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் விவசாயிகள் வழிவிட்டு எங்களை முன்வரிசைக்கே அனுப்பினார்கள். என் மனுவின் கனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு டி.வி. நிருபர் இருந்தார். கலைஞர் அவர்.

"வீல்சேரை அந்தக் குவியல் பக்கம் தள்ளுங்க சார். பின்னாடி நெல்லு தெரியட்டும்."

"நாங்க நெல்லுக்கு வரலை. மருத்துவ ஆராய்ச்சி தொடர்பா..."

"சரி சார், சரி சார்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கை நெல்லை அள்ளி முருகையன் மடியில் கொட்டினார். "இப்ப நல்லாருக்கு!"

பத்து மணிக்கு வர வேண்டிய எம்.எல்.ஏ. ஒரு மணிக்கு வந்தார். நேராக எங்களிடமே வந்தார். கேமரா இருந்தது எங்கள் பக்கம்தானே!

"சொல்லுங்கய்யா, என்ன பிரச்சினை?"

"வணக்கம். நாங்க குருத்தணு ஆராய்ச்சி விஷயமா..."

"எது?"

"ஸ்டெம் செல்லுங்க" என்று டீச்சர் எடுத்துக்கொடுத்தார்.

எம்.எல்.ஏ. முகம் மலர்ந்தது. "அட, தெரியுமே! தொப்புள்கொடியை பேங்க்ல போட்டு வைப்பாங்களே, அதானே? என் பேரனுக்குக்கூட போட்டு வச்சிருக்கோம்."

புத்தியுள்ள எவனும் இந்த இடத்தில் "அதேதாங்க!" என்று சொல்லிவிட்டுக் கேள்விக்குப் போயிருப்பான். கதவு தானாகத் திறக்கிறது. உள்ளே நுழைய வேண்டியதுதான்.

நான் சொன்னேன்: "முழுக்கச் சரின்னு சொல்ல முடியாதுங்க."

தேர்தலுக்குப் பிறகு அவரிடம் யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"தொப்புள்கொடி இரத்தத்துல கெடைக்கிறது பெரும்பாலும் இரத்தக் குருத்தணு. விழித்திரை, நரம்பு எல்லாம் வேற. மூணாம் பக்கத்துல ஏழாவது அடிக்குறிப்புல..."

பக்கத்தைப் புரட்டினேன். என் விரல்கள் புரட்டியதில் மூன்றாம் பக்கத்துக்குப் பதில் பதினொன்றாம் பக்கம் வந்தது. மறுபடி புரட்டினேன். ஐந்து வந்தது. டீச்சர் என் கையைக் கிள்ளினார்.

"கேள்வி சார்! கேள்வியச் சொல்லுங்க!"

"வர்றேன் டீச்சர். முதல்ல வரலாறு."

கேமரா ஒரு ஆட்டைப் படம் பிடிக்கத் தொடங்கியது. உதவியாளர் குனிந்து, "அண்ணே, அடுத்து ஒரு காதுகுத்து இருக்கு" என்றார். எம்.எல்.ஏ. என்னை விட்டுவிட்டு முருகையன் தோளில் கைவைத்தார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. ஒரே வரியில. என்ன வேணும்?"

முருகையன் என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு தன் மடியைப் பார்த்தார். மடியிலிருந்த நெல் முளைவிட ஆரம்பித்திருந்தது.

"ஈரம் இருபத்திரண்டு வரைக்கும் எடுத்துக்கச் சொல்லுங்கய்யா."

விசில் பறந்தது! கைதட்டல்! எம்.எல்.ஏ. முருகையனைக் கட்டிப்பிடித்தார். கேமரா ஆட்டைக் கைவிட்டு ஓடிவந்தது. உதவியாளர் என் கையிலிருந்த மனுவை வாங்கி, கொள்முதல் நிலைய எழுத்தரிடம் நீட்டினார்.

"அது மருத்துவ மனுங்க!" என்று கத்தினேன்.

"இங்க வாங்குன மனு இங்கதான் சார் பதிவாகும்" என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார் முருகையன்.

"நெல்லு முளைச்சிருச்சா?"

"ஓரமெல்லாம் முளைச்சிருச்சு டீச்சர்."

"அப்ப நீங்க கேட்டது சரிதான்." பிறகு, நான் உட்கார்ந்திருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "உங்களைத்தான் சார் மன்னிக்க முடியல."

அன்று மாலைச் செய்தியில் மூவரும் வந்தோம். முருகையன், 'நடக்க முடியாத நிலையிலும் நெல்லுக்காகப் போராட்டம்.' டீச்சர், 'கண்ணீருடன் பெண் விவசாயி.' அவர் அழவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். நான், 'ஆத்திரத்தில் கை நடுங்கும் முதியவர்.' என் வாழ்நாள் சாகுபடி மொத்தமும் மொட்டைமாடியில் இரண்டு தொட்டி கறிவேப்பிலை.

அடுத்த சில நாட்களில் ஈரப்பதத் தளர்வு வந்துவிட்டது. சட்டசபையிலும் எங்கள் எம்.எல்.ஏ. கேள்வி கேட்டார். நனைந்த நெல்லைப் பற்றி. நோயாளிகளே வீதிக்கு வந்துவிட்டார்கள் என்று உருகினார்.

கொள்முதல் நிலையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வந்தது. 'தங்களது பதினான்கு பக்க மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு, கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டுள்ளது. மனு முடித்து வைக்கப்படுகிறது.' மூன்று வரி. டீச்சர் அதை வாங்கி, கண்ணருகே பிடித்து, எழுத்தெழுத்தாகத் தானே படித்தார். நான் காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரும்போதும் படித்துக்கொண்டிருந்தார்.

புதிய மனு தயாராகிவிட்டது. டீச்சரே எழுதினார். ஒரே பக்கம். அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிய பெரிய எழுத்து. நாலே வாக்கியம். அடிக்குறிப்புக்கு இடம் இல்லை. அடுத்த முறை நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

விற்றது போக வைத்திருந்த நெல்லை அரைத்து, முருகையன் எனக்கும் டீச்சருக்கும் ஆளுக்குப் பத்து கிலோ அரிசி கொண்டுவந்து கொடுத்தார். அதில் கல் இருந்தது. டீச்சருக்குக் கண்ணில் படவில்லை. என் விரலுக்கு அகப்படவில்லை. முறத்தை முருகையன் மடியிலேயே வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அவர்தான் பொறுக்கினார்.