அலமாரியில் இடமிருக்கிறது

வீட்டு மிக்ஸிங்காரர் என்றோர் இனம் பெருகிவருகிறது. ஜன்னலை மெத்தையால் அடைத்து, காதுகளை ஹெட்போனுக்குள் புதைத்து, கணினித் திரையில் ஒரு குமிழை மயிரிழை திருப்பிவிட்டு, ஏதோ வரம் கிடைத்தவர்போல் கண்ணை மூடித் தலையாட்டுகிறாரா? அவரேதான். தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒன்றோடொன்று இடிக்காமல் சேர்த்துவைப்பதுதான் வேலை. ஒரு மதியத்தில் முடியும். முடிப்பாரா?

என் அத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் முதல் பிறந்தநாளுக்கென்று, எதிரொலி வராமலிருக்க அக்காவைத் துணி அலமாரிக்குள் நிறுத்தி ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பிறந்தநாள் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கோப்புக்கு 'இறுதி' என்று பெயர் வைத்தார். பிறகு 'இறுதியோ இறுதி'. பிறகு 'சத்தியமாக இறுதி'. வாணலியில் எண்ணெய் காயும் நேரம் பார்த்து அக்கா காதில் ஹெட்போனை மாட்டுவார்.

"இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"உனக்கு இன்னும் காது பழகல."

பழகியது. முதலாவது ஓடும்போதே "ரெண்டாவதுதாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

நாலாவது பிறந்தநாளுக்குப் பாட்டு வந்தே ஆகவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். விருந்தினர் கூடினார்கள். அத்தான் பொத்தானை அழுத்தினார். மேளம் கணீரென்றது, குழல் குழைந்தது. பாட்டு முடிந்தும் போனது.

"அம்மா எப்பப் பாடுவாங்க?" என்றாள் குழந்தை.

அத்தான் திரையைப் பார்த்தார். அக்காவின் குரலை ஊமையாக்கும் பொத்தான் அழுந்திக் கிடந்தது. மூன்று மாதமாக. அந்த மூன்று மாதமும் இல்லாத குரலில் புழுதி தட்டி, இனிப்பேற்றி, "இப்பதான் தேன்" என்று கண் கலங்கியிருக்கிறார் மனிதர்.

"நீயும்தானே தினம் கேட்ட?"

"நான் எங்க கேட்டேன், எண்ணெய் கருகிடுமேன்னு பாத்துட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று அக்காவே பாடினாள். இரண்டாம் அடியில் மூச்சு வாங்கியது. குழந்தை வாய் பிளந்து நின்றாள். அத்தான் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கொஞ்சம் எதிரொலிக்குது. அலமாரிக்குள்ள நின்னு பாடேன்."

குழந்தை போய் அலமாரியைத் திறந்தாள். "நீங்க உள்ள போங்கப்பா."

போனார். உள்ளிருந்து கேட்டால் பிரமாதமாக இருக்கிறதாம்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் இதைப் படிக்கையில், முதல் பத்தியில் அந்த நீள வாக்கியத்தைச் சற்றே சுருக்கியிருக்கலாம் என்று தோன்றியதா? அத்தானிடம் சொல்லிவைக்கிறேன், கொஞ்சம் நகர்ந்துகொள்வார்.