நாடு மாதிரி ஒன்று

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்.

என் பெண் பொருளாதாரம் படிக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. அதனால் இந்தக் கடிதமும் உனக்கே. அரசாங்க எரிசக்தி அலுவலகத்தில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "மாதிரி செய்யறேன்பா" என்றாள். எது மாதிரி என்றேன். "நாடு மாதிரி" என்றாள். கம்ப்யூட்டருக்குள் ஒரு நாட்டையே வைத்திருக்கிறார்களாம். அதில் ஆலை, பஸ், வீடு, கடை எல்லாம் உண்டாம். புகைக்கு ஒரு வரி போட்டால் எவன் நிமிர்வான், எவன் குப்புற விழுவான் என்று முன்கூட்டியே பார்ப்பார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது, டீசல் வரி வரப்போகிறது என்று பேப்பரில் வரும்வரை. என் பேக்கரி ஓவன் டீசலில் ஓடுவது உனக்குத் தெரியும். அது ஊருக்கே தெரியும் என்பதுதான் சங்கடம்.

முடி வெட்டப் போனேன். பாதி வெட்டிய நிலையில் முடிதிருத்துபவர், "உங்க பொண்ணுதானே டீசல் விலைய ஏத்தப் போறது?" என்று ஆரம்பித்து, பேச்சு முற்றி, மீதிப் பாதியைக் கோபத்தில் வெட்டினார். இடது பக்கம் நான், வலது பக்கம் வேறு யாரோ என்று ஆகிவிட்டது. கடைக்கு வந்தால் பன் வாங்குகிறவர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசுகிறார்கள். பேக்கரிக்காரர் சங்கம் கூடி, வரி பற்றி அரசாங்கம் நடத்தும் பொது விசாரணையில் எதிர்த்துப் பேச என்னைத் தேர்ந்தெடுத்தது. "எதிரிய வீட்டுக்குள்ளயே வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்ணே" என்றார் செயலாளர். உன் அண்ணி மகள் பக்கம் சாய்ந்துவிட்டதால், ஒரு வாரமாக என் தட்டில் சாப்பாடு விழுந்தது, பேச்சு விழவில்லை.

விசாரணையன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் நம் பெண். நான் மைக்கைப் பிடித்து, "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே" என்றேன். "சொல்லுங்கப்பா" என்றாள். மண்டபம் சிரித்து ஓய்ந்ததும், உங்கள் கம்ப்யூட்டரில் என் ஓவன் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குப்பா. சின்னக் கடை ஓவன் எல்லாமே இருக்கு." சின்னக் கடைகளின் வருமானம் என்று திரையில் ஒரு கோடு போட்டாள். அது படிக்கட்டில் உருண்ட பாத்திரம் மாதிரி கீழே போனது. "வரிய மட்டும் போட்டா இப்படி ஆகும். அதனால இது கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டோம்." அடுத்த கோடு, வரிப் பணத்தை வீடுகளுக்கும், ஓவன் மாற்ற சின்னக் கடைகளுக்கும் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது. முதலில் பள்ளம், பிறகு ஏற்றம். அந்தப் பள்ளம் என்ன என்றேன்.

"அது நீங்கதான்பா. முதல் ரெண்டு வருஷம் கஷ்டமாத்தான் இருக்கும். அத மறைக்க மாட்டேன்."

"உன் கணக்கு தப்பாப் போனா?"

"போகலாம். அதனாலதான் கோட்டச் சுத்தி அகலமா ஒரு பட்டை போட்டிருக்கோம். அதுக்குள்ள எங்க வேணா வரலாம்."

"பட்டையா, நாமமா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அவள் அதற்கும் சிரித்துவிட்டு, எதையும் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்ற கோட்டைக் காட்டினாள். டீசலும் வெயிலும் வெள்ளமும் சேர்ந்து அதை இழுத்துக்கொண்டு போயின. பட்டையின் அடிவிளிம்புகூட அதற்கு மேலேதான் இருந்தது. "சும்மா இருக்கறதும் ஒரு திட்டம்தான்பா. அதுக்கும் செலவு இருக்கு."

எனக்குப் பேச வேண்டிய மீதி எல்லாம் மறந்துவிட்டது. உட்கார்ந்தேன். நான் ஆவேசத்தில் வாயடைத்துப் போனதாக நினைத்துச் சங்கத்தார் கைதட்டினார்கள். வீடு திரும்பும் வழியில், "கோபமாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். கோபம் யார்மேல் என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆகவே தம்பி, நீ உடனே புறப்பட்டு வந்து, இந்த வேலையை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேரும்படி உன் செல்லத்துக்கு எடுத்துச் சொல். நான் உயிரோடு இருக்கும்வரை டீசல் ஓவனை மாற்றுவதாக இல்லை. இது முடிந்த முடிவு.

உன் வீட்டார் நோய்நொடியின்றி வாழட்டும். குழந்தைகளை நான் அணைத்துக்கொண்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: இதை உறையில் போட்டுத் தபாலில் சேர்க்க மறந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. மேலே உள்ளதைப் பொருட்படுத்தாதே. பக்கத்துத் தெருப் பேக்கரியில் கரண்ட் ஓவனைச் சும்மா பார்க்கத்தான் போனேன். கதவைத் திறந்ததும் ரொட்டி உப்பியிருந்த அழகில் மனசு மாறிவிட்டது. நேற்று நம் கடைக்கும் வந்து சேர்ந்தது. சூடு பிடிபடாமல் முதல் தட்டு முழுக்கக் கருகல். அதிலும் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே உன் செல்லம், நம் ஓவன் விவரத்தைத் தன் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாகச் சேர், அந்த முதல் தட்டை மட்டும் விட்டுவிடு என்றேன். "அத விட்டா கணக்கு பொய்யாயிடும்பா" என்றாள். சரி, இருக்கட்டும் என்றேன். நீ வா. இரண்டாவது தட்டு நன்றாக வந்திருக்கிறது.