ஒரு கிலோ ருசி

பசியை அடக்குவதில் என்னை மிஞ்ச உத்திரமேரூர் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை, எழுத்துபூர்வமான ஆதாரம் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், வாய்க்குள் போனதை எல்லாம் தேதி போட்டு எழுதிவந்தேன். 'காலை: கேழ்வரகுக் கூழ், ஒரு டம்ளர். மதியம்: சப்பாத்தி 2, வெள்ளரிக்காய். இரவு: இட்லி 2 (சட்னி கிடையாது).' வழியில் பறித்துத் தின்ற ஒற்றை நெல்லிக்காய்க்குக்கூட 'நெல்லிக்காய் 1, சிறியது' என்று பதிவு உண்டு. அவ்வளவு யோக்கியன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது, எடை எண்பத்தேழு கிலோ. ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வாத்தியார் வேலை. சித்திரை மாதம் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் தேன்மொழி, கிராம சுகாதார நர்ஸ். பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். நான் நாலாவது பஜ்ஜியை எடுத்தபோது வாயைத் திறந்தாள்.

"இன்னா வெயிட்டு இருப்பீங்க?"

சொன்னேன்.

"எங்க சித்தப்பாவும் உங்க மாரிதான் இருந்தாரு. முப்பத்தஞ்சு வயசுல மாரு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. சித்தி இப்போ எங்க வூட்லதான் கீறாங்க. நீங்க எம்பதுக்குக் கீழ வாங்க, அப்புறம் தேதி பாக்கலாம்."

என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போய்விட்டது. கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன். (நாலாவது பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை.)

கோடை விடுமுறை. விடியற்காலையில் ஏரிக்கரை மேல் ஒரு மணி நேரம் நடந்தேன். முதல் வாரம் நாய்கள் துரத்தின, அடுத்த வாரம் பாவம் என்று கூடவே நடந்தன. சனிக்கிழமை தோறும் தேன்மொழியின் சுகாதார நிலையத்தில் எடை பார்ப்போம். ஜூன் பிறப்பதற்குள் எண்பத்திரண்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் இரண்டே கிலோ, ஆடி போனால் கல்யாணம் என்று கணக்குப் போட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. முள் எண்பத்திரண்டில் நின்றது. (இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்கும் புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.)

நடையை இரண்டு மணி நேரம் ஆக்கினேன். எண்பத்திரண்டு. பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன். எண்பத்திரண்டு. இரவு இட்லியில் ஒன்றைக் குறைத்தேன். அப்போதும் அதே எண்பத்திரண்டு. மூன்று மாதம் இப்படியே ஓடியது. தேன்மொழி என் நோட்டை வரி வரியாகப் படித்தாள்.

"இதுல எழுதனது எல்லாம் நெஜம்தான?"

"என் அம்மா மேல சத்தியம்."

அவள் முகம் வெளுத்தது. ரத்தம் சோதிக்கச் செங்கல்பட்டுக்கு அனுப்பினாள். சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, ஒரு கோளாறும் இல்லை. "ஒண்ணுமே இல்லன்றதுதான் பயமா கீது," என்றாள். அவள் அப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "கண்டுபுடிக்க முடியாத வியாதின்னா பெரிய வியாதிதான். ஆவணி முடியட்டும். அதுக்குள்ள இன்னான்னு தெரியலன்னா, பொண்ணு கேட்டுக்கினு கீற மதுராந்தகத்துப் பையனுக்கு சரின்னு சொல்லிடுவேன்." அன்றைக்குக் கூழும் இறங்கவில்லை.

ஆவணி மாதக் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எடை பார்க்கத் தேன்மொழி வந்தாள். மெஷினோடு அவளை மொபெட்டில் கொண்டுவந்து விட்டது அவள் அப்பா. அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூழ்கப்போகும் கப்பலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். "நீங்களும் ஏறுங்க," என்றாள் தேன்மொழி. எண்பத்திரண்டு.

அப்போது சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் செய்யும் பவுனம்மா குரல் கொடுத்தார். "சார், டேஸ்ட்டு பாக்க வாங்க."

சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும். தலைமையாசிரியருக்கு வயிற்றுப்புண், அதனால் அந்தப் பொறுப்பு என் தலையில். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. சாம்பார் சாதத்தில் அண்டாவின் மேலே ஒரு ருசி. நடுவில் வேகாமல் இருக்கலாம், அங்கே ஒரு ருசி. உப்பு அடியில் தங்கியிருக்கலாம், அடியில் ஒரு ருசி. உப்பு போதாது என்று போட்டால் மறுபடி முதலிலிருந்து. அடிப்பிடித்த காந்தலைப் பிள்ளைகளுக்குப் போட முடியாது, ஆகவே அதுவும். பிறகு ஒரு செம்புத் தண்ணீர். சத்தியமாகச் சொல்கிறேன், அது சாப்பாடு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதே இல்லை. அது டியூட்டி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதை யாராவது டயட் நோட்டில் எழுதுவார்களா?

ருசி பார்த்து முடித்து, கை கழுவி, என் டப்பாவைத் திறந்து முதல் சப்பாத்தியை எடுத்தேன். கதவோரம் தேன்மொழி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"அந்த டப்பாவ மூடுங்க," என்றாள். "வந்து மெஷின்ல ஏறுங்க."

ஏறினேன். குனிந்து பார்த்த ஐந்தாம் வகுப்பு சுமதி, "எம்பத்தி மூணு சார்," என்றாள்.

தேன்மொழி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "எம்பத்தி மூணுல எம்பத்தி ரெண்டு போனா எவ்ளோ?"

"ஒண்ணு," என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். கழித்தல் கணக்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

திருடனைப் பிடித்தால் அவனுக்காவது முன்பே தெரிந்திருக்கும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதமாக நாள் தவறாமல் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டு, அதன் மேல் டயட்டும் இருந்திருக்கிறேன். பவுனம்மா வேறு என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "சார் எளச்சிப்போய் வந்தாரேன்னு நான்தான்மா ரெண்டு கரண்டி சேத்துப் போட்டுக்கினு இருந்தேன்," என்றார்.

தேன்மொழியின் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரிக்கிறாள். நிற்க முடியாமல் அந்த எடை மெஷின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். இத்தனை நாள் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"இன்னாம்மா, இன்னா வியாதியாம்?" என்றார் அப்பா மரத்தடியிலிருந்து எழுந்து.

"வியாதி ஒண்ணும் இல்ல நைனா. தின்றாரு."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா. இவ்ளோதானா? தின்றவனுக்குப் பொண்ணு குடுக்கலாம்."

மறுநாள் தேன்மொழி ஒரு டீ ஸ்பூன் கொடுத்தனுப்பினாள். ருசி பார்க்க இனிமேல் அதுதான், ஒரு தடவைதான். ஐப்பசி தாண்டும் முன் எழுபத்தொன்பதுக்கு இறங்கினேன். தை மாதம் கல்யாணம். பந்தியில் என் இலை ஓரம் அந்த டீ ஸ்பூனை வைத்தது என் மாமனார். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் காரணம் கேட்க, அவரும் ஆளுக்கு ஆள் முதலிலிருந்து சொன்னார்.

எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, மாரு வலி எதுவும் வரவில்லை. ஆனால் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது போன் செய்தால், என் மகள் எடுத்து இன்றைக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"அப்பா டியூட்டில கீறாரு. கொஞ்ச நேரம் ஆவும்."