குதிரை இல்லாத இடத்தில் கிடைத்த வேலை அனுமதி

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணங்கி எழுதுவது. நான் நலம். அங்கே அத்தையின் முழங்கால் வலியும் தங்கள் ரத்த அழுத்தமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தணியாவிட்டால் இதைப் படித்ததும் தணியும். வேலை அனுமதி வந்துவிட்டது. முழுசாக மூன்று வருஷத்துக்கு. முத்திரை, கையெழுத்து, திருடனைப் போல விழிக்கும் என் படம், எல்லாம் அதில் உண்டு. நகல் இணைத்திருக்கிறேன். "போன்ல ஆயிரம் சொல்லலாம் மாப்ள. எழுத்துல வரட்டும், அப்புறம் என் பொண்ணையும் பேத்தியையும் அனுப்பறதைப் பத்திப் பேசலாம்" என்று தாங்கள் சொல்லியிருந்ததால், நடந்ததை முதலிலிருந்தே எழுத்தில் தருகிறேன்.

நான் பல் செட் செய்யும் பட்டறையில் இருப்பது தங்களுக்குத் தெரியும். மூன்று மேசை, ஒரு அடுப்பு, சுவர் முழுக்க யார் யாருடைய வாயோ அச்சாக அடுக்கியிருக்கும். வந்தது ஆறு மாதத் தற்காலிக அனுமதியில். அது முடிவதற்குள் என் முதலாளியம்மா, 'இந்த ஆள் எனக்கு வேண்டும்' என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் நான் மூட்டையைக் கட்ட வேண்டும். முதலாளியம்மா தங்கமான மனுஷி. கையில் பல்லைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துவார். பேனாவைக் கொடுத்தால்தான் ஆபத்து. இங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு எண் உண்டு. அதில் ஏழு போட வேண்டிய இடத்தில் அவர் ஒன்று போட்டுவிட்டார். அந்த எண்ணுக்கு உரியவர் குதிரைப் பயிற்சியாளர். மூன்று வாரம் கழித்து, 'தங்கள் நிறுவனத்தில் எத்தனை குதிரைகள் உள்ளன?' என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. முதலாளியம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், 'ஒன்றும் இல்லை' என்று பதில் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்து நான் தலையில் கை வைத்தேன்.

"ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? நம்மகிட்ட குதிரை இருக்கா என்ன?"

இவர்கள் பேசுவதெல்லாம் இந்த ஊர் பாஷைதான் மாமா, தங்களுக்காக நம் பாஷையில் எழுதுகிறேன். அடுத்த கடிதம், 'குதிரை இல்லாத நிறுவனத்துக்குக் குதிரைப் பயிற்சியாளர் எதற்கு என்று விளக்கவும்' என்று வந்தது. அம்மா விளக்க உட்கார்ந்துவிட்டார். பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டார்கள், பிறகு துண்டித்தார்கள். கடைசியில் நானே கைப்பட எழுதி, நான் செய்த பல் செட்டுகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். எண் தவறிவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தொழில் மாறிவிட்டதால், உள்ளூர்க்காரர் யாராவது இந்த வேலைக்குக் கிடைப்பாரா என்று நான்கு வாரம் விளம்பரம் செய்து பார்க்க வேண்டுமாம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. என் தற்காலிக அனுமதிக்கு அப்போது மிச்சம் ஒன்பது வாரம்.

இருபத்தாறு நாள் யாரும் வரவில்லை. இருபத்தேழாம் நாள் ஒருவர் வந்தார். கதவைத் திறந்தவன் நான். ஐம்பது வயதிருக்கும், தொப்பி, கையில் சான்றிதழ்கள், இருபது வருஷ அனுபவம். அம்மா என் காதருகே வந்து, "நீயே ஒரு வேலை குடுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அலமாரியில் ஒரு அச்சு இருந்தது மாமா, தாடை கோணியது, எனக்கே இரண்டு முறை தவறியது. அதை அவரிடம் நீட்டினால் என் பிழைப்பு தப்பிக்கும். கையில் எடுத்தும்விட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை, வைத்துவிட்டு, எல்லாருக்கும் கொடுக்கும் சாதாரண அச்சையே கொடுத்தேன். அவர் மெழுகைச் சூடாக்கிய விதத்திலேயே தெரிந்தது, என்னைவிடக் கைதேர்ந்தவர். முடித்துத் தட்டில் வைத்தார். குறை சொல்ல ஒரு பல்கூட இல்லை. உள்ளே போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "ரொம்ப நல்லா செய்யறாரும்மா."

அம்மா முகம் வாடிப்போய் வெளியே வந்து, எப்போதிலிருந்து வர முடியும் என்று கேட்டார். அவர் தொப்பியைச் சுழற்றியபடி, "வர முடியாதும்மா. இந்த மெழுகு வாசனையே இனிமே வேண்டாம்னு விட்டவன் நான். தோட்ட வேலைதான் தேடறேன். ஆனா வாரத்துக்கு ரெண்டு இடத்துல வேலை கேட்டேன்னு வேலையில்லாதவங்களுக்குப் பணம் குடுக்கற ஆபீஸுக்குக் காகிதம் காட்டணும். அதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்" என்றார். அவருக்கு ஒரு காகிதம், எனக்கு ஒரு காகிதம். அம்மா அவர் தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் எங்கள் தாளில், 'வேலை எனக்கு ஒத்துவரவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது நான் மெருகு போடுவதில் இருந்த ஒரு தப்பையும் திருத்திவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. பட்டறை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். குதிரை விவகாரத்துக்குப் பிறகு அவர்கள் எதையும் நம்புவதாக இல்லை. மேசையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கேள்வி கேட்கும்போதெல்லாம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அம்மாவுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. "செட்டு உடைஞ்சிடுச்சா? குடுங்க, இவரு பத்து நிமிஷத்துல ஒட்டிடுவாரு." அதிகாரி பையிலிருந்து எடுத்தும்விட்டார். இதை ஒட்டிக் கொடுத்தால் லஞ்சம். ஒட்டாவிட்டால் திமிர். "மன்னிக்கணும் சார். என் விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ற வரைக்கும் உங்க பல்லை நான் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவர் செட்டைக் கைக்குட்டையில் சுற்றினார், புத்தகத்தில் ஏதோ எழுதினார், போய்விட்டார். அம்மா இரண்டு நாள் என்னைத் திட்டித் தீர்த்தார். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை தபாலில் அனுமதி வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு என் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சு ஊற்றப் போய்விட்டார். நான் அதை நாலு தரம் படித்தேன். புதன்கிழமை காலை பட்டறை திறக்கும்போது அதிகாரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இப்பத் தொடலாமில்ல?" என்று கேட்டார். தொட்டேன் மாமா, என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு ஒட்டு ஒட்டியதில்லை.

ஆகவே பணிவான வேண்டுகோள். இனியும் தாமதிக்காமல் தங்கள் மகளையும் பேத்தியையும் அனுப்பி வைக்க வேண்டும். இங்கே அறை சின்னது, ஆனால் ஜன்னல் பெரியது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். குழந்தை முகத்தைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. தாங்கள் மறுக்காதீர்கள். தங்களிடம் இதற்கு மேல் எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம். தங்கள் ஆசியை எதிர்நோக்கும்,

மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் மகள் போன் செய்தாள். அனுமதி வந்ததை நான் போனில் சொன்ன அன்றே தாங்கள் அவள் இருக்கும் மாடியை வாடகைக்குப் பேசிவிட்டதாகவும், ஒன்றாம் தேதி ஆட்கள் குடிவருவதாகவும், கட்டில்கூடக் கீழே இறங்கிவிட்டதாகவும் சொன்னாள். மாமா, என் அனுமதி வேறு, அவர்கள் விசா வேறு. அதற்கு இன்னும் ஆறு வாரம் ஆகும். மேலே கெஞ்சியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து அதுவரை அவர்களை அனுப்பிவிடாதீர்கள்.