சத்தம் போடாதவர்களுக்கு ஒதுக்கிய கூடம்

காது கேளாத இளைஞர் சங்கம் கோடை முகாமுக்கு இடம் கேட்டு விண்ணப்பித்தது. இளைஞர் நலத்துறை இயக்குநர் அதை ஆழ்ந்து பரிசீலித்துக் கோப்பில் இப்படிக் குறிப்பெழுதினார்: "விண்ணப்பதாரர்களுக்குக் காது கேட்காது. ஆகவே சத்தம் போட மாட்டார்கள். ஆகவே ஏரிக்கரை விடுதியில், மௌன முகாமுக்குப் பக்கத்துக் கூடத்தை அவர்களுக்கு ஒதுக்கலாம்." இரண்டு 'ஆகவே' போட்ட குறிப்பை மறுத்துப் பேச எந்த அலுவலகத்திலும் ஆளில்லை. கையெழுத்தாகிவிட்டது.

மௌன முகாம் என்பது அந்த ஆண்டின் நாகரிகம். பேசியே பெரிய மனிதர்களான வக்கீல்கள், டாக்டர்கள், வியாபாரிகள் எல்லாரும் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருக்கப் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். இயக்குநரும் பணிப் பயிற்சி என்ற பெயரில் அதில் சேர்ந்திருந்தார். அவர் கிளம்பியதிலிருந்து அலுவலகத்தில் இருந்தவர்கள் அடைந்த மன அமைதிதான் அந்த முகாமின் முதல் பலன்.

சங்கத்தின் செயலாளர் கன்னக்குழிக்கு இந்தக் குறிப்பெல்லாம் தெரியாது. சங்கத்தில் எல்லாருக்கும் முகத்தை வைத்துத்தான் பெயர். கன்னத்தில் விரலைக் குத்தித் திருகினால் அது அவள். தையல் ஆலையில் வேலை பார்க்கிறவள், பத்து நாள் விடுப்புப் போட்டு, முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அதில் புருவம் என்கிற பதினாறு வயதுப் பெண்ணின் வீட்டில் ஒருவருக்கும் சைகைமொழி தெரியாது. 'சாப்பிடு', 'தூங்கு', 'வா' என்று மூன்றை மட்டும் சுட்டிக்காட்டியே வருஷத்தை ஓட்டுகிற வீடு. அவள் வாழ்க்கையில் பேச்சு என்பது இந்தப் பத்து நாள்தான். மிச்ச நாள்களுக்கும் சேர்த்து வைத்துப் பேசுவாள்.

காது கேளாதவர்கள் கூடும் இடம் அமைதியாக இருக்கும் என்பது காது கேட்கிறவர்களின் நம்பிக்கை. அங்கே ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் தரையை உதைக்க வேண்டும். அதிர்வு போய் அவர் காலைத் தொடும். விடுதித் தரையோ மரப்பலகை. இரண்டு கூடத்துக்கும் ஒரே தரை, நடுவில் ஒரு தட்டி மட்டும். முப்பது பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். மேஜையை அறைந்தார்கள். பெரிய முரசை அடித்து, அதன் அதிர்வில் ஆடினார்கள். மெதுவாகச் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மூன்றாம் நாள் இயக்குநர் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு வாய் திறக்கத் தடை, கன்னக்குழிக்குக் காது கேட்காது. ஆகவே விசாரணை காகிதத்தில் நடந்தது.

"நீங்க காது கேளாதவங்கதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் இவ்வளவு சத்தம்?"

"சத்தமா வருது? எங்களுக்குக் கேக்கல சார்."

"சத்தம் போட மாட்டீங்கன்னு கோப்புல இருக்கே!"

"அதை நாங்க எழுதலையே சார்."

"கோப்பு தப்பா இருக்க முடியாது. நீங்கதான் தப்பா இருக்கீங்க. நாளைக் காலையில காலி பண்ணுங்க."

புருவம் கன்னக்குழியின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள். "இன்னும் ஏழு நாள் இருக்கே அக்கா! நான் பாதிகூடச் சொல்லி முடிக்கல" என்று அவள் கைகள் பதறின. கன்னக்குழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று பெட்டி அடுக்கப் போனாள்.

அன்று மாலை தட்டி லேசாக விலகியது. ஒரு வக்கீலின் தலை தெரிந்தது. மூன்று நாளாகப் பேசாததில் மனிதர் பாதியாய் இளைத்திருந்தார். 'உப்பு' என்பதை எப்படிச் சொல்வது என்று புருவத்திடம் ஜாடையாகக் கேட்டார். அவள் காட்டினாள். அடுத்து 'சாப்பாடு' கேட்டார், அடுத்து 'இல்லை'. மௌன முகாமின் முதல் புகார் அங்கே உருவானது. அவர் பின்னாலேயே டாக்டர் வந்தார், நகைக்கடைக்காரர் வந்தார், வரிசை நீண்டது. வாய் திறக்கக் கூடாது என்றுதான் முகாம் விதி சொல்லியிருந்தது. கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புருவம் பிறந்ததிலிருந்து இத்தனை பேரோடு பேசியதில்லை.

காலையில் இயக்குநர் உத்தரவோடு வந்தபோது அவருடைய மௌனிகள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் உட்கார்ந்து கையால் வம்பளந்துகொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் வக்கீல் தன் மூக்கை நீளமாக இழுத்துக் காட்டி ஏதோ சொன்னார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

இயக்குநர் அவசரமாக எழுதினார்: "என்னைப் பத்தி என்ன சொல்றாங்க?"

கன்னக்குழி கொஞ்சம் யோசித்து எழுதினாள்: "அது புரியணும்னா ஏழு நாள் பழகணும் சார்."

உத்தரவு மடிந்து சட்டைப்பைக்குள் போனது. முகாம் ஏழு நாளும் நடந்தது. இயக்குநர் முதல் வரிசையில் உட்கார்ந்து சைகைமொழி படித்தார். தனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது ஆறாம் நாள் அவருக்குப் புரிந்தது. அதை அவர் கோப்பில் ஏற்றவில்லை.

அடுத்த கோடையில் நாகரிகம் மாறியிருந்தது. கன்னக்குழியின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது:

"ஏரிக்கரை விடுதியில் தாங்கள் கோரிய கூடம், பிரமுகர்களுக்கான சைகைமொழி முகாமுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பெயர் சொல்லி அழைக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று உரக்கப் பதில் சொல்லக்கூடியவர்கள் மட்டுமே அதில் சேரலாம். எனினும், தங்கள் சங்கத்தின் மீதுள்ள அக்கறையால், பக்கத்துக் கூடத்தில் ஆளின்றிக் கிடக்கும் மௌன முகாம் தங்களுக்கு அளிக்கப்படுகிறது. வாய் திறக்கக் கூடாது. சென்ற ஆண்டு விதியில் இருந்த ஓட்டையும் அடைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கைகளையும் அசையாமல் மடியில் வைத்திருக்க வேண்டும்."

கன்னக்குழி கோபத்தில் காகிதத்தைக் கசக்கப் போனாள். புருவம் அதை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"கால்களைப் பத்தி ஒண்ணும் எழுதலையே அக்கா?"